பல்கலைக்கழக பஸ்ஸில் வந்த பெண் வீட்டுக்காரர்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டுப் பீடத்திலிருந்து இரண்டு இளம் உத்தியோகத்தர்கள் போன மாதம் வீட்டுக்கு வந்தார்கள். நான் ஓய்வு பெற்று நான்கு வருஷமாகிறது. இன்னும் என்னை நினைவு வைத்திருக்கிறார்களே என்று பூரித்துப்போய் பிஸ்கட் எல்லாம் வைத்தேன். எழும்பும்போது அவர்களில் மூத்தவர் இழுத்து இழுத்துச் சொன்னார்: "ஐயா, நல்ல நல்ல அனுபவமா எழுதுங்க. அந்த பஸ் விஷயத்த மட்டும் விட்டுருங்க."

அந்த பஸ் விஷயத்தை விட்டால் என் உத்தியோகத்தில் மிஞ்சுவது கதிரை எண்ணியதும் பூச்செண்டுக்குத் தண்ணீர் தெளித்ததும்தான். ஆகவே அதையே எழுதுகிறேன். மலரில் போடுவதும் போடாததும் அவர்கள் பாடு.

நான் நிவித்திகலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். நேர்முகப் பரீட்சையில் தமிழ் தட்டச்சு தெரியுமா என்று கேட்டார்கள். தெரியும் என்றேன். தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் மூன்று மாதமும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதவைச் சாத்திக்கொண்டு கற்றுக்கொண்டேன். அந்த மூன்று மாதமும் தமிழ்க் கடிதம் எதுவும் வராதிருந்தது என் அதிர்ஷ்டம். பிறகு எழுதுவினைஞர், தலைமை எழுதுவினைஞர் என்று ஏறி, கடைசிப் பதினாறு வருஷம் கலைப் பீடத்தின் விழாவேலை முழுவதும் என் தலையில் விழுந்தது. பிராந்தியத்தின் குரல்களைக் கொண்டாடும் இலக்கிய, கலை விழா என்று அதற்குப் பெயர். வருஷத்துக்கு ஒருமுறை, இரண்டு நாள்.

முதல் வருஷத்து நிகழ்ச்சி நிரலில் தமிழ் நிகழ்ச்சிகள் எல்லாம் கடைசிப் பக்கத்தில் "ஏனையவை" என்ற தலைப்பின் கீழ் இருந்தன. தட்டச்சு செய்தவன் நானே என்பதால் யாரையும் குறைசொல்ல முடியவில்லை. அடுத்த வருஷம் அந்தத் தலைப்பை நானே அடிக்காமல் விட்டேன். ஒருவரும் கவனிக்கவில்லை. அலுவலகத்தில் முக்கால்வாசி முன்னேற்றம் இப்படித்தான் நடக்கிறது.

இடம் கிடைத்ததே தவிர, அந்த இடத்தில் வந்து உட்கார்ந்தது கூடை நடனம். நடன ஆசிரியை ஒருவர் வருஷா வருஷம் பன்னிரண்டு மாணவிகளுக்குப் பிளாஸ்டிக் கூடையும் ஜரிகைப் பாவாடையும் கொடுத்து மேடையில் தேயிலை பறிக்க வைப்பார். ஒருமுறை என் அக்காவை அழைத்துப் போயிருந்தேன். முப்பது வருஷம் கொழுந்தெடுத்தவள். அந்தப் பிள்ளைகள் ஒற்றைக் கையால், அதுவும் சிரித்துக்கொண்டே பறித்ததைப் பார்த்துவிட்டு என் காதில், "தம்பி, இப்புடி எடுத்தா அரைப்பேருதான் போடுவாங்க" என்றாள். அரைப்பேர் என்றால் பாதிநாள் சம்பளம். அன்றிலிருந்து எப்படியாவது அந்தக் கூடையை இறக்கிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி.

இங்கே என் மேலதிகாரியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பீடாதிபதி அம்மா சிங்கள நாட்டுப்புறப் பாடல்களில் ஆய்வு செய்தவர். தமிழில் அவருக்கு ஏறத்தாழ இருபது சொற்கள் தெரியும், அத்தனையும் சாப்பாட்டுப் பெயர்கள். கோப்பை உட்கார்ந்து வாசிக்கமாட்டார். ஜன்னலோரம் நின்றபடி, பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு வாசிப்பார். பேனாவால் எழுதினால் கட்டளை, பென்சிலால் எழுதினால் யோசனை என்பது அவருடைய கொள்கை. யோசனை பிழைத்துப்போனால் இறப்பரால் அழித்துவிடுவார். அப்போது கோப்பில் மிஞ்சியிருப்பது என் கையெழுத்து மட்டும்தான்.

எதைக் கேட்டாலும் அவர் சொல்வது "பலமு". பார்ப்போம் என்று அர்த்தம். ஒருமுறை சொன்னால் நடக்காது. இரண்டு தரம் சொன்னால், செய்து பார், மாட்டிக்கொண்டால் எனக்குத் தெரியாது. கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டுச் சொன்னால் அவரும் கூட வருவார் என்று எனக்கு முன்பிருந்த தலைமை எழுதுவினைஞர் சொல்லியிருந்தார். அதை நான் நம்பவில்லை.

காமன் கூத்தை மேடையேற்றலாம் என்று நான் கேட்டபோது முதல் வருஷம் ஒரு பலமு. இரண்டாம் வருஷமும் ஒன்றுதான். மூன்றாம் வருஷம், கூத்தில் மன்மதனைச் சிவன் எரிப்பார், ரதியாக வருவது ஆம்பிளை, எங்கள் தோட்டங்களில் மாசி மாதம் முழுவதும் இதே பேச்சு என்று விவரமாகச் சொன்னபோது இரண்டு பலமு வந்தது. உடனே எஹலியகொடைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றுக்கு ஓடினேன்.

அங்கே கூத்து மாஸ்டர் சிவனாண்டி. ரதியாக ஆடுகிறவர் செல்வம். காலையில் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். தோளும் கையும் பலாமரம் மாதிரி இருக்கும். ஆனால் சேலை கட்டி நடந்து வந்தால் லயத்துப் பெண்களே நடையைச் சரிபார்த்துக்கொள்வார்கள். பன்னிரண்டு நிமிஷம் தருகிறோம், இன்ன திகதி என்று படிவத்தை நீட்டினேன். சிவனாண்டி ஒரு சொல் கேட்காமல் கோயில் முத்திரையைக் குத்திக் கையொப்பம் வைத்தார்.

செல்வம் என்னை வாசல்வரை வழியனுப்ப வந்தார்.

"அண்ணே, யுனிவர்சிட்டி கடுதாசியில என் மாமனாருக்கு ஒரு அழைப்பிதழ் போடுவீங்களா?"

"யாரு உங்க மாமனார்?"

பெயரைச் சொன்னதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் பிறந்த தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தவர். என் அம்மாவுக்கு எத்தனையோ நாள் அரைப்பேர் போட்ட மனுஷன். அவருடைய மகள் சாந்தி செல்வத்தை விரும்பிக் கல்யாணம் செய்தபோது, "சேலை கட்டி ஆடுறவன் வீட்டு வாசல்ல என் கால் படாது, என் பொண்டாட்டி காலும் படாது" என்று சொல்லிவிட்டாராம். ஆறு வருஷமாகிறது. தாயும் மகளும் இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்கு கிளினிக் வரும் நாளில் பஸ் நிலையத்தில் அரைமணி நேரம் சந்திப்பார்கள். அவ்வளவுதான்.

"என்னய எங்க ஊர்ல பாத்தா அவருக்கு எளக்காரம். யுனிவர்சிட்டி மேடையில பாத்தா மனசு மாறுவாருண்ணே. சாந்தி அம்மாவ நெனச்சு அழுவுது. அதுக்குத்தான்" என்றார் செல்வம்.

அழைப்பிதழை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். கணக்கப்பிள்ளை கண்ணாடியைப் போட்டு முத்திரையைத் தடவிப் பார்த்தார்.

"பீடாதிபதியே கையொப்பம் வச்சிருக்காங்களா?"

"ஆமாங்கய்யா."

"எத்தினாவது வரிசை?"

"மொதல் வரிசைங்கய்யா."

"அப்ப வாறேன். அந்தப் பயலுக்காக இல்ல. யுனிவர்சிட்டி கூப்புட்டிருக்கு, போகாம இருக்கக்கூடாது."

எனக்குத் தலைகால் புரியவில்லை. கூடையும் இறங்கியது, ஒரு குடும்பமும் சேரப்போகிறது. விழாவுக்கு ஆறு நாள் இருக்கும்போது சிவனாண்டி போன் போட்டார்.

"தம்பி, காமன் ஊனியாச்சு. எல்லாருக்கும் காப்பும் கட்டியாச்சு. நீங்க எத்தன மணிக்கு வாறீங்க?"

"நாங்க வாறதா? நீங்கல்ல இங்க வரணும்?"



"காப்புக் கட்டினவன் எப்புடி தம்பி எல்ல தாண்டுவான்?"

மூன்றாம் பிறை பார்த்துக் காமன் கம்பம் ஊன்றி, மஞ்சள் நூலில் காப்புக் கட்டிவிட்டால் கூத்து முடிந்து அதை அவிழ்க்கும்வரை ஆடுகிறவர்கள் மச்சம் மாமிசம் தொடக்கூடாது, தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. லயத்தில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் என்ன செய்தேன்? பரீட்சை இல்லாத நாள், போயா என்ற பௌர்ணமி விடுமுறை இல்லாத நாள் என்று அலுவலக நாட்காட்டியைப் பார்த்துத் திகதி குறித்தேன். பிறையை அண்ணாந்து பார்த்து எத்தனை வருஷமோ.

"படிவத்துல கையொப்பம் வச்சீங்களே அண்ணே, அப்பவே சொல்லியிருக்கலாமே" என்றேன்.

"நீங்க தோட்டத்துப் புள்ள. அதுவும் யுனிவர்சிட்டில இருக்கீங்க. நாள் பாக்காமயா போட்டிருப்பீங்க? அப்ப நீங்கதான் இங்கிட்டு வருவீங்களாக்கும்னு நாங்க கோயிலுக்கு வெள்ள அடிச்சிட்டம்."

அவர் என்னை நம்பினார், நான் நாட்காட்டியை நம்பினேன். வெட்கமாக இருந்தது. அன்று மத்தியானமே நடன ஆசிரியை என் மேசைக்கு வந்துவிட்டார். செய்தி எப்படித்தான் போகிறதோ! "கவலைப்படாதீங்க, எங்க பிள்ளைங்க தயாராத்தான் இருக்காங்க" என்றார். கூடைகளைக் கழுவிக் காயவைத்திருப்பதாகவும் சொன்னார். சாயங்காலம் சாந்தி போன் எடுத்தாள்.

"மாமா, கூத்து இல்லன்னா அப்பா வரமாட்டாருதானே?"

"பாப்போம் சாந்தி" என்றேன். என் வாயிலிருந்தே பலமு வந்ததைக் கேட்டு எனக்கே என்மேல் எரிச்சல் வந்தது.

இரவெல்லாம் படிவங்களை யோசித்தேன். எங்கள் நிர்வாகத்தில் விழாவின் இடத்தை மாற்ற வேண்டுமானால் குழு கூட வேண்டும், கூட்டறிக்கை எழுத வேண்டும், மூன்று கையொப்பம் வேண்டும். அதற்குள் மன்மதன் எரிந்து எழும்பியே விடுவான். ஆனால் களப்பயணத்துக்கு ஒரே ஒரு படிவம். பீடாதிபதி கையொப்பம், சாரதி பெயர், மாணவர் பெயர்ப்பட்டியல். ஆறு மணிக்குள் திரும்ப வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. காலையில் சிவனாண்டியைக் கூப்பிட்டு, ரதிக்கும் மன்மதனுக்கும் நடக்கும் திருக்கல்யாணத்தை மட்டும் அன்று மத்தியானம் வைக்க முடியுமா என்று கேட்டேன். "முகூர்த்தத்த மாத்தலாம் தம்பி, காப்பத்தான் அவுக்க முடியாது" என்றார்.

களப்பயணப் படிவத்தில் நோக்கம் என்ற இடத்தில், பிராந்தியக் குரல்களை அவை இருக்கும் இடத்திலேயே கேட்டல் என்று அடித்தேன். பெருமையாகத்தான் இருந்தது. காப்பு விஷயத்தையும் சொல்லிப் படிவத்தை நீட்டினேன். பீடாதிபதி அம்மா ஜன்னலோரம் நின்று வாசித்தார். காதிலிருந்து பென்சிலை எடுத்தார். பிறகு சிங்களத்தில் கேட்டார்:

"மாரிமுத்து, நீங்கள் தோட்டத்தில் பிறந்தவர்தானே? இந்தக் காப்பு விஷயம் தெரியாதா?"

"தெரியும் மேடம். மறந்துபோனேன்."

அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பென்சிலை மேசையில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றி அதன் பக்கத்தில் வைத்தார். "பலமு" என்றார். பேனாவால் கையொப்பம் வைத்தார்.

மிச்சமிருந்தது கணக்கப்பிள்ளை. விழாவின் இரண்டாம் மேடை கொஞ்சம் தள்ளி இருக்கிறது, எங்கள் பஸ் இரத்தினபுரியில் வந்து உங்களை ஏற்றிக்கொள்ளும் என்று சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை. வாக்கியத்தை முடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அன்றைக்கு வெள்ளை வேட்டி, கோட்டு, குடை என்று மாப்பிள்ளைத் தோரணையில் ஏறினார். பீடாதிபதி அம்மாவுக்குப் பக்கத்து ஆசனத்தை அவருக்கென்றே வைத்திருந்தேன். மனுஷன் சிங்களத்தில் வெளுத்து வாங்குவார். தன் காலத்துத் துரைமார் கதைகளைச் சொல்லிக்கொண்டே வந்தார். அம்மா குறிப்பெடுத்துக்கொண்டே வந்தார். பின்னால் நாற்பது மாணவர்கள் பாட்டு. எஹலியகொடை தாண்டி பஸ் பிரதான வீதியை விட்டுத் தோட்டத்து ரோட்டில் திரும்பியதும் அவர் பேச்சு நின்றது. இரண்டு பக்கமும் ரப்பர் மரம். மரத்துக்கு மரம் பால் வடியும் சிரட்டை. திரும்பி என்னைப் பார்த்தார்.

"மாரிமுத்து, இது எந்தத் தோட்டம்?"

நான் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன்.

"பஸ்ஸ நிப்பாட்டு!"

சாரதி பிரேக்கில் காலை வைத்துவிட்டார். மாணவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள். அப்போது பீடாதிபதி அம்மா குறிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு, மிகவும் பணிவான சிங்களத்தில், "நீங்கள் இல்லாமல் நாங்கள் போனால் அங்கே யார் எங்களுக்கு விளக்கம் சொல்வது? இன்றைக்கு எங்கள் பிரதம அதிதி நீங்கள்தான்" என்றார். அவரை அதற்கு முன் யாரும் பிரதம அதிதி என்று சொன்னதில்லை. குடையை மடியில் நேராக வைத்தார்.

"அப்ப விழாவ மட்டும் பாத்துட்டு வருவம். யார் வீட்டுக்கும் வரமாட்டேன்" என்றார் என்னைப் பார்க்காமல்.

தோட்டத்து எல்லைக் கல்லடியில் தப்பு முழங்கியது. சிவனாண்டி மாலையோடு நின்றார். திருக்கல்யாணத்துக்குத் தோட்டமே இரண்டாகப் பிரியும். மேல் லயம் மாப்பிள்ளை வீடு, கீழ் லயம் பெண் வீடு. இரண்டு பக்கமும் சீர்வரிசையைப் பற்றி வாய்ச்சண்டை போடுவார்கள். யார் நன்றாகச் சண்டை போட்டது என்று வருஷம் முழுக்கப் பேசுவார்கள். நான் சிவனாண்டியை ஓரங்கட்டிக் காதில் ஒரு வார்த்தை சொன்னேன். அவர் வெற்றிலைக் காவி தெரியச் சிரித்தார்.

பீடாதிபதி அம்மாவை மேல் லயத்துக்காரர்கள் கூட்டிப்போய் மாப்பிள்ளை வீட்டாரோடு நிறுத்தினார்கள். சிவனாண்டி தாம்பாளத்தட்டை இரண்டு கையாலும் ஏந்திக் கணக்கப்பிள்ளை முன்னால் வந்தார். "மொத மரியாத பெரியவருக்கு" என்றார். முதல் மரியாதையை வேண்டாமென்று சொல்லக் கணக்கப்பிள்ளைக்குத் தெரியாது. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"தட்ட வாங்கினவருதான் பொண்ணுக்குத் தகப்பன்!" என்று சிவனாண்டி கூட்டத்தைப் பார்த்துக் கத்தினார். கோயிலுக்குப் பின்னாலிருந்து ரதி நடந்து வந்தார். சிவப்புச் சேலை, சடை, நெற்றிச்சுட்டி, மணிக்கட்டில் மஞ்சள் காப்பு. மாமனார் கையில் தட்டைப் பார்த்ததும் ரதியின் நடை பிசகியது.

கணக்கப்பிள்ளை தட்டைக் கீழே வைக்கப் பார்த்தார். சுற்றிலும் சனம், நாற்பது மாணவர்கள், எதிரே பீடாதிபதி. வைக்க முடியவில்லை. தீயை மிதித்தவர் மாதிரி நின்றார். நான் செய்தது அதிகப்பிரசங்கித்தனம் என்று அந்த நிமிஷத்தில் எனக்குப் பட்டது. தட்டை எறிந்துவிட்டுப் போனால் சாந்திக்கு அந்த பஸ் நிலையத்து அரைமணி நேரமும் இல்லாமல் போய்விடும்.

மேல் லயத்து ஆள் ஒருவர் வழக்கப்படி ஆரம்பித்தார்: "பொண்ணு பாக்கக் கொஞ்சம் மொரடா இருக்கே! இதுக்கு என்ன வேல தெரியும்?"

சனம் சிரித்தது. ரதி தலையைக் குனிந்தார். அந்தச் சிரிப்பு கணக்கப்பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. யார் எந்த வீட்டை இளக்காரம் செய்தாலும் சண்டைக்கு நிற்கிற ஆள் அவர்.

"யாரப் பாத்து என்ன வேல தெரியும்ங்கிற? விடிய முந்தி எந்திரிச்சு முந்நூறு மரம் பால் வெட்டும். பட்டையில ஒரு காயம் இருக்காது. போயி மரத்தப் பாரு!"

"குடி கிடி உண்டா?"

"ஆறு வருஷத்துல ஒரு சொட்டு தொட்டதில்ல. ஒரு நாள் வேலைக்குப் போகாம இருந்ததில்ல. போன வருஷம் காய்ச்சல்லகூட மலைக்குப் போச்சு. கூரத்தகரத்த மாத்தி, குசினியும் சேத்துக் கட்டியிருக்கு. நீ என்னத்தக் கட்டின?"

கீழ் லயம் கைதட்டியது. கால் படாது என்று சொன்னவர் ஆறு வருஷமாக யாரையோ பிடித்து எல்லாவற்றையும் விசாரித்துக்கொண்டே இருந்திருக்கிறார். காய்ச்சல்வரைக்கும் தெரிந்திருக்கிறது. கூட்டத்தில் முக்காடு போட்டு நின்ற சாந்தி வாயைப் பொத்திக்கொண்டாள்.

கணக்கப்பிள்ளை விடவில்லை. நேரே பீடாதிபதி அம்மாவைப் பார்த்து, "எங்க வீட்டுப் புள்ளைய எப்புடி வச்சுப் பாப்பீங்க? அதச் சொல்லுங்க மொதல்ல!" என்றார். யாரோ அம்மாவுக்கு மொழிபெயர்த்தார்கள். அம்மா தன் தமிழ் அறிவு முழுவதையும் திரட்டினார்.

"தோசை! வடை! பாயாசம்!"

தோட்டமே வெடித்துச் சிரித்தது. ரதி சிரிக்கவில்லை. எங்க வீட்டுப் புள்ள என்ற சொல்லைக் கேட்டதிலிருந்தே அழுதுகொண்டிருந்தார். கண்மை இரண்டு கன்னத்திலும் வழிந்து அரிதாரம் பாழாகிவிட்டது.

தாலி கட்டி முடிந்தபோது மணி நாலரை. அப்போதே பஸ் ஏறினால்தான் ஆறு மணிக்குள் போகலாம். கணக்கப்பிள்ளை தட்டை என்னிடம் தந்துவிட்டு வேட்டியை மடித்துக் கட்டினார்.

"கல்யாணம் முடிஞ்சு பொண்ணோட தகப்பன் பச்சத்தண்ணி குடிக்காம போறதா? எந்த லயம்?"

படிவத்து ஆறு மணியை மறந்துவிட்டு நான் கைகாட்டினேன். செல்வம் குடியிருந்த ஆறாவது காம்பரா வாசலில் செருப்பைக் கழற்றினார். ஒரு நிமிஷம் வாசற்படியைப் பார்த்தபடி நின்றார். அப்புறம் உள்ளே போய்ப் பாயில் உட்கார்ந்தார். சாந்தி தேத்தண்ணி கொண்டுவந்தாள். செல்வம் சேலையோடு கதவோரம் நின்றார், உட்காரத் துணியவில்லை. கணக்கப்பிள்ளை மருமகனை மேலும் கீழும் பார்த்தார்.

"சாந்தி, இது என்ன சேல கட்டு? கொசுவம் ஒரு பக்கமா இழுக்குது. யார் கட்டிவிட்டது?"

"நான்தாம்பா. ஆறு வருஷமா நான்தான் கட்டிவுடுறேன்."

பெரியவர் தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்தார். கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஒனக்கு என்னைக்குச் சேல கட்டத் தெரிஞ்சிச்சு? காமன் எரிக்கிற அன்னைக்கு ஒங்கம்மாவக் கூட்டியாறேன். அவ வந்து கட்டிவிடட்டும்."